பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

"அக்கா, உள்ள வுடமாட்டேங்கறாங்க. அவலூர்ப்பேட்டை ரோட்டுலயே நிறுத்திட்டாங்க. உங்க பக்கம் வர்றதுக்கு வழியே இல்ல."

டிரைவர் பாபு போனில் இதைச் சொன்னபோது நான் இனியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பின்னி முடித்திருந்தேன். மறுபக்கம் அவிழ்ந்து கிடந்தது. சித்திரைப் பௌர்ணமி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் ஜன்னல் கம்பி சுட ஆரம்பித்துவிட்டது. வெளியே செங்கம் சாலையில் வெறுங்கால்கள் போய்க்கொண்டே இருந்தன. அத்தனை கால்களும் சேர்ந்தால் முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். எங்கள் தெருவில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதைக் கேட்கலாம்.

மாடியிலிருந்து தனு அம்மா இறங்கி வந்தார். தோளில் ஒரு பை, கையில் மாடி அறைச் சாவி. அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து அவருக்குக் கொழும்பு விமானம். அவர் இந்தியாவில் தங்க அனுமதி உள்ள கடைசி நாளும் அதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். பதறினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும்.

"அடி அண்ணாமலையில வெச்ச பையை விட்டுடலாங்க. பழைய துணிதானே? நீங்க திரும்பி வரும்போது எடுத்துக்கலாம். நாம ஊருக்குள்ள நடந்து நேரா பாபுகிட்ட போயிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சுமதி, பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு."

மேல் வீட்டு ஆன்ட்டி

கடன் வாங்கி மாடி அறை கட்டிய கதையைப் போன வாரம் சொன்னேன். அந்த அறைக்கு முதலில் வந்தவர்தான் இவர். பெயர் டனூட்டா. ஊர் போலந்து. ரமணாசிரமம் பகுதியில் யார் பெயரும் முழுதாக நிலைக்காது. எதிர்க் கடைக்காரர் 'தனு அம்மா' ஆக்கினார், அதுவே நின்றுவிட்டது. என் மகள் இனியாவுக்கு மட்டும் 'மேலாண்ட்டி'.

ஒரு வாரத்துக்கு என்று வந்தவர் ஆறு மாதம் இருந்தார். அதன் பிறகு சில வருடங்களாகவே போவதும் வருவதும்தான். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் இந்த வீட்டில் நானும் இனியாவும் தனு அம்மாவும்தான். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி அவர் கற்றுக்கொண்ட தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழாகவே எழுதுகிறேன்.

அவரிடம் இருப்பது சுற்றுலா விசா. பல வருடத்துக்குச் செல்லும். ஆனால் ஒரு முறை உள்ளே வந்தால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது. அதற்குள் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி என்ன நினைக்கிறாரோ, அதுதான். விசா இருக்கிறது என்பதற்காக உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுத்த நாளுக்கு மேல் ஒரு நாள் தங்கிவிட்டாலும் அபராதம், விசாரணை. அடுத்த விசா கிடைக்காமலேயே போகலாம்.

எங்கள் பகுதியில் இப்படி இருப்பவர்கள் நிறைய பேர். சிலர் காத்மாண்டு போவார்கள், சிலர் கொழும்பு. தனு அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் அறை எடுத்து சில வாரம் தங்கிவிட்டு வருவார். தேதிக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடுவது அவர் வழக்கம்.

ஒரு முறை இனியாவுக்குக் காய்ச்சல் வந்திருந்த சமயம், அவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் தேவலையே என்று நான் ஏங்கினேன். டீக்கடையில் அவருக்குப் பழக்கமான ஒருவர் யோசனை சொன்னார்.

"மேடம், உடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டா ரெண்டு மாசம் தள்ளிடலாம். எல்லாரும் பண்றதுதான்."

"எனக்கு உடம்பு நல்லா இருக்கே," என்றார் தனு அம்மா.

"அதான் மேடம், சர்ட்டிபிகேட்!"

"நான் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவ. டிக்கெட் இல்லாதவங்க எனக்குச் சொன்ன கதையெல்லாம் ஞாபகம் இருக்கு. எனக்குன்னு ஒரு கதை வேணாம்."

அந்த ஆள் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்ட்டிபிகேட் வாங்கினால்தான் என்ன என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி நினைக்கிறோமே என்று அடுத்த நிமிஷம் கூச்சமாகவும் இருந்தது.

காலி அறை

அவர் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். அறையை முழுக்கக் காலி செய்வார். துணி, பாத்திரம் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறும். தரையைத் துடைத்து, குடத்தைக் கவிழ்த்து, ஜன்னலைச் சாத்தி, சாவியை என் கையில் கொடுப்பார்.

"திரும்பி வரத்தானே போறீங்க? சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமே," என்று முதல் தடவை சொன்னேன்.

"வர விடலைன்னா? நீ வேற யாருக்காவது வாடகைக்கு விடணும் இல்ல?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது. அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் கேஸை மூடிவிட்டு, வாசல் வரை போய், மறுபடி வந்து தொட்டுப் பார்க்கிறவள். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிவு செய்துவிட்டு, பதிவானதா என்று ராத்திரி எழுந்து பார்க்கிறவள். ஒரு இடத்தை இத்தனை ஆசையாக வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைத் துடைத்துவிட்டுப் போக எப்படி முடிகிறது? பிள்ளையை நர்சரியில் விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிற எனக்கு அது ஒரு வித்தை மாதிரிதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம்

இந்த முறையும் முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தார். விமான நிறுவனம் ரத்து செய்துவிட்டது. தேடித் தேடிப் பார்த்ததில் கடைசி நாளில்தான் ஒரு இடம் கிடைத்தது. அது செவ்வாய்க்கிழமை, பௌர்ணமியும்கூட.

பௌர்ணமி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டம் சாயங்காலம்தான் ஏறும், காலையில் கார் போய்விடும் என்று ஒரு தைரியம். இந்த ஊர்க்காரர்களுக்கே உரிய தைரியம் அது.

எங்கள் கவலை வேறு. என் கணவரின் அக்கா வசந்தா அண்ணி அடி அண்ணாமலையில் இருக்கிறார். மலை சுற்றும் பாதையிலேயே வீடு. வீட்டு முன்னால் மோரும் இளநீரும் விற்கிறார். விஷயம் கேட்டதும் தினசரிக் காலண்டரைப் பின்பக்கம் திருப்பினார்.

"செவ்வாக்கிழமை வடக்கே சூலம். சென்னை வடக்கேதான? அந்தம்மா போற காரியமே திரும்ப வர்ற காரியம். சூலத்துல அனுப்பினா எப்பிடி வருவாங்க? பரஸ்தானம் வெச்சிடு."

தெரியாதவர்களுக்கு: பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பயணியின் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவது. அன்றைக்கே பயணம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. அப்புறம் எந்த நாளில் போனாலும், அந்த வீட்டுக்குப் போய்ப் பொருளை எடுத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்ப வேண்டும். நான் கல்லூரி விடுதிக்குப் போனபோது அப்பா என் பழைய தாவணி ஒன்றையும் மஞ்சள் துண்டையும் பக்கத்து வீட்டில் வைத்தார். எல்லோரும் அப்படி ஏதாவது பழசைத்தான் வைப்பார்கள். சடங்குக்கு அது போதும்.

தனு அம்மாவிடம் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு அண்ணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பொருள் வைக்கணும்?"

"பிரயாணத்துக்கு வேணுங்கற பொருளா வைங்க. பேருக்கு எதையோ வைக்கக் கூடாது," என்றார் அண்ணி, மிடுக்காக.

வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் ஆட்டோவில் போய் ஒரு சின்னத் துணிப்பையை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வந்தோம். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற விஷயமா?

"சாமி எங்கயும் போயிடாது"

ஆக, செவ்வாய்க்கிழமை காலை இதுதான் நிலைமை. கார் மலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், பாஸ்போர்ட் நடுவில்.

என் கணவரைப் போனில் பிடித்தேன்.

"பாஸ்போர்ட்டையா? பஞ்சாங்கம் பார்த்து பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் வெச்சீங்களா? அப்ப ஏரோப்ளேனுக்கும் நல்ல நேரம் சொல்லிட்டீங்களா?"

"சிரிக்காதீங்க. என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

"அக்காவை அனுப்பச் சொல்லு, யார்கிட்டயாவது."

அண்ணிக்குப் பல தடவை அடித்த பிறகு லைன் கிடைத்தது. பின்னால் ஒரே அரோகரா சத்தம். பாஸ்போர்ட் என்று கத்தினேன், அவருக்குப் பை என்பது மட்டும் கேட்டது. "வெச்ச பொருள் பின்னால வரக் கூடாதுடி! அவங்களையே வந்து எடுத்துக்கச் சொல்லு!" லைன் போய்விட்டது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குள் போனால் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் போனால் கார் இல்லை. அவர் தங்கும் விவரத்தைப் பதிவு செய்த வீட்டுக்காரி நான். போலீஸ் வந்து கேட்டால் சூலம் என்றா சொல்வது?

தனு அம்மா செருப்பைக் கழற்றி என் வீட்டு வாசலில் ஒழுங்காக வைத்தார்.

"பாபு நிக்கற இடம் ஈசான்ய லிங்கத்துக்கு அந்தப் பக்கம்தானே? மலை சுத்தற பாதையில போனா முதல்ல அடி அண்ணாமலை வரும். அதுக்கப்புறம் ஈசான்ய லிங்கம் வரும். வழி ஒண்ணுதான் சுமதி. நடக்கலாம்."

இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

இனியாவை யாரிடம் விடுவது என்று யோசிக்கவும் நேரமில்லை. பாதி பின்னிய தலையோடு தூக்கிக்கொண்டேன். தண்ணீர், தொப்பி, பிஸ்கட் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தும், வாசல் தாண்டியதும் எதையோ மறந்துவிட்டேன் என்றுதான் பட்டது.

கூட்டத்தில் நம் இஷ்டத்துக்கு வேகமாகப் போக முடியாது. கூட்டத்தின் வேகம்தான் நம் வேகம். தார் சுடாமல் இருக்க லாரியில் தண்ணீர் அடித்துக்கொண்டு போனார்கள். ஈரத்தில் காகித டம்ளர்கள் மிதிபட்டு ஒட்டிக்கிடந்தன. ஒரு பந்தலில் புளிசாதம், அடுத்த பந்தலில் ரவா கேசரி. வேண்டாம் என்றாலும் கையில் வைத்து அழுத்தினார்கள். கிடைத்த சந்தில் எல்லாம் தனு அம்மா புகுந்து போக, ஒரு திருப்பத்தில் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"மெதுவாப் போங்கம்மா. சாமி எங்கயும் போயிடாது."

"சாமி போகாது சார். நான் போகணும்," என்றார் இவர், தமிழில்.

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருத்தி, "வழி வுடுங்கடி, அந்தம்மா போவட்டும்," என்று சத்தம் போட்டாள். கொஞ்ச தூரத்துக்கு உண்மையாகவே வழி கிடைத்தது.

சூரிய லிங்கம் தாண்டியதும் இனியா அழ ஆரம்பித்தாள். என் கை மரத்துவிட்டது. தனு அம்மா தன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். அறுபது தாண்டியவர். வேண்டாங்க என்று சொன்னேன், ஆனால் பையை வாங்கிக்கொண்டேன்.

"ஏன் பாஸ்போர்ட்டை வெச்சீங்க?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அண்ணி சொன்னாங்களே, பேருக்கு எதையோ வைக்கக் கூடாதுன்னு. எது இல்லாம இந்தப் பயணமே கிடையாதுன்னு யோசிச்சேன். ஒண்ணுதான் இருந்தது." கொஞ்ச தூரம் போய், "தப்பா செஞ்சிட்டேனா?" என்றார்.

நாங்கள் வருடக்கணக்கில் பழைய துணியை வைத்து ஒப்பேற்றுகிற ஒரு காரியத்தை ஒருவர் முழுசாகச் செய்திருக்கிறார். அதில் தப்பு எங்கே இருக்கிறது?

கழுகுக்குப் பொட்டு

அண்ணி வீட்டு முன்னால் மோர்ப் பானையைச் சுற்றி ஒரே கூட்டம். எங்களைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"அண்ணி, அந்தப் பையில பாஸ்போர்ட் இருக்கு!"

"தெரியுமே. சின்னப் புஸ்தகம் ஒண்ணு இருந்துச்சு. பூஜை ரூம்லதான் வெச்சேன். வெறுமனே இருக்கேன்னு அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்."

பையைத் திறந்தோம். கருஞ்சிவப்பு அட்டை. அதில் அவர்கள் நாட்டுச் சின்னமாக ஒரு பொன்னிறக் கழுகு. கழுகின் தலைக்கு நேர் மேலே சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம்.

எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி என்ன சொல்வார்? பாஸ்போர்ட்டைச் சேதப்படுத்தியதாகிவிடுமோ? முந்தானையால் துடைத்தேன். குங்குமம் பரவி, கழுகின் இறக்கை வரைக்கும் போனது.

"விடு சுமதி," தனு அம்மா என் கையைப் பிடித்தார். "இன்னும் துடைச்சா கழுகு குளிச்ச மாதிரி ஆயிடும்."

அண்ணிக்கு எந்தக் கலக்கமும் இல்லை. இரண்டு டம்ளர் மோரைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். "இருங்க, சும்மா போகக் கூடாது," என்று இனியா கையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைக் கொடுத்து, எதிரே வரச் சொன்னார். ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் விரிந்த முடி. தண்ணீர் சிந்திவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இனியா வாசலில் எதிரே நடந்து வந்தாள். அவளைப் பார்த்தபடியே தனு அம்மா படி இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து வாயு லிங்கம், குபேர லிங்கம். அந்த நடை எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பாதம் எரிந்தது நினைவிருக்கிறது. மலை வலது பக்கம் கூடவே வந்தது நினைவிருக்கிறது. ஈசான்ய லிங்கம் தாண்டி, தடுப்புகளுக்கு வெளியே பாபு கையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் ஏறுங்கம்மா! வண்டிங்க ஜாஸ்தியாயிட்டே போவுது!"

தனு அம்மா இனியாவை இறக்கிவிட்டார், என்னிடமிருந்த தன் பையை வாங்கிக்கொண்டார், என் கன்னத்தைத் தொட்டார், ஏறினார். கதவைச் சாத்துவதற்குள்ளேயே கார் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போக எங்களுக்கு மீதிப் பாதைதான் வழி. கோயிலைத் தாண்டி, செங்கம் சாலை பிடித்து, வாசலுக்கு வந்தபோது முழுச் சுற்றும் ஆகியிருந்தது. தனு அம்மாவின் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. வெறுங்காலோடு விமானம் ஏறப் போகிறாரே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழியில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டதாகப் பாபு பிறகு சொன்னான்.

இருட்டும் நேரத்தில் தனு அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. விமான நிலைய அதிகாரி அட்டையைப் பார்த்தாராம். விரலால் தொட்டுப் பார்த்தாராம்.

"எந்த ஊர்ல இருந்தீங்க?"

"திருவண்ணாமலை."

"இன்னிக்குப் பௌர்ணமியாச்சே. எப்படி வெளிய வந்தீங்க?"

"நடந்து."

முத்திரை குத்திவிட்டாராம். அன்றைய தேதியில்.

சாவி

மறுநாள் மாடியைக் கூட்டலாம் என்று போனபோதுதான் கவனித்தேன். அறை பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இல்லை. ஆணியில் இல்லை, அலமாரியில் இல்லை. ஒவ்வொரு முறையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போகிற சாவி கொழும்புக்குப் போய்விட்டது.

அவசரத்தில் மறந்தாரா? அவர் எதையும் மறக்கிறவர் இல்லையே. கேட்கலாம் என்று செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். மறந்துவிட்டேன் என்று பதில் வந்தால் எனக்கு என்னவோ போல் ஆகிவிடும் என்று தோன்றியது. பீரோவில் மாற்றுச் சாவி இருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை. துடைத்து வைத்த அறை அப்படியே பூட்டிக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. புதன்கிழமை வருகிறாராம். உள்ளே விடுவார்களா என்பது விமான நிலைய அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். அது எப்போதும் உள்ள கதை. அதற்குக் கீழே இன்னும் எழுதியிருந்தார்.

"புதன்கிழமையும் வடக்கே சூலம் என்று பார்த்தேன். சென்னை எனக்கு வடக்கு. அதனால் இன்று காலை எதிர் வீட்டில் ஒரு பை வைத்துவிட்டேன். கவலைப்படாதே, பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது."

அப்படியானால் பையில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். இந்த முறை எழுதியதை அழிக்கவில்லை.

"உன் மாடிச் சாவி," என்று பதில் வந்தது.